வெள்ளை மீனும் என் கறுப்புக் கோட்டும்

பொன்னி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. சாப்பிடுவது நின்றுகொண்டு, போனில் பேசுவது நடந்துகொண்டு. என் மனைவி அருள்மேரியோடு ஊர்க்கதை பேசுவதுகூட மாடிப்படியில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாகத்தான். "உட்காரேன்மா, நாற்காலிக்கும் சேர்த்தா வாடகை கேட்கப்போறேன்?" என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "தோ வரேன் சார்" என்பாள். வரமாட்டாள்.

நான் முப்பத்து நாலு வருஷம் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்த ஆளா, எடுக்காத ஆளா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. பொன்னியைப் பார்த்த முதல் நாளே, இந்தப் பெண் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அது என்னவென்று தெரிவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை. அவள் கணவன் ரவி மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். பகலில் கண்ணில் படமாட்டான். ஒரு அறையில் புருஷனும் பெண்டாட்டியும், இன்னொரு அறையில் பதினோரு கண்ணாடித் தொட்டிகள். "மீன் வளர்ப்பேன் சார்" என்று குடிவரும்போது சொன்னது உண்மை. இரண்டு தங்கமீனை ஒரு கிண்ணத்தில் விட்டு வைத்திருப்பாள் என்று நான் நினைத்ததும் உண்மை. மாடி இடிந்து என் தலையில் விழுமோ என்று ஒரு மாதம் கூடத்தில் படுக்காமல் வராந்தாவில் படுத்தேன்.

டிஸ்கஸ் என்று அந்த மீனுக்குப் பெயர். உள்ளங்கையை விரித்து வைத்தாற்போல் தட்டையாக, வட்டமாக இருக்கும். சிவப்பு, நீலம், புள்ளி போட்டது, கோடு போட்டது என்று எத்தனையோ உண்டு. பொன்னிக்கு வேண்டியது வெள்ளை மட்டும். சலவைக்குப் போட்டு எடுத்தது மாதிரி, ஒரு புள்ளி இல்லாத வெள்ளை.

எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. இந்த மீனுக்குப் போர் தண்ணீர் ஆகாதாம், ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர்தான் வேண்டுமாம். ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால் மூன்று குடம் கழிவாகப் போகும். தெருவே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடக்கும்போது இது என்ன அநியாயம் என்று நான் படியேறிப் போய்க் கத்தினேன். மறுநாள் அந்தக் கழிவுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக என் தென்னைமரத்துக்கும் அருள்மேரியின் துணி துவைக்கும் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது. என் வாயை அடைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தடவை அவள் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது. மீன் தீனியை எங்கள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனாள். மாட்டு இதயம், இறால், பசலைக்கீரை, பூண்டு எல்லாம் சேர்த்து அரைத்துத் தட்டையாக உறையவைத்தது. அருள்மேரி அதைக் கொத்துக்கறி என்று நினைத்து கட்லெட் போட்டுவிட்டாள். நான் நாலு தின்றேன். விஷயம் தெரிந்ததும் அருள்மேரி தலையில் அடித்துக்கொண்டாள். பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது என்பதை நான் இன்றுவரை மறுக்கவில்லை.

அவள் பிறந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அக்கா பேபிதான் கூடையைத் தூக்கினாள். பேபி இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பலகை போட்டு மீன் விற்கிறாள். கட்டியவன் இரண்டாம் வருஷமே விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளை இல்லை. பொன்னி பன்னிரண்டாவது முடித்ததும் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கையுறை தைக்கப் போனாள். அங்கே வந்து போன ரவியைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சந்தையில், பிளாஸ்டிக் பையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை டிஸ்கஸை வாங்கிவந்தாள். அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இத்த வறுத்தா எனுக்கு ஒரு வாய்க்குக் காணுமா?" என்று கேட்டாராம்.

குழந்தை பிறந்தது. ஜெயஸ்ரீ. அது ஒரு வயதைத் தொடும்போது, கம்பெனியில் அவசர ஆர்டர் என்று பொன்னி பிள்ளையைப் பத்து நாளைக்கு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். ஆறாம் நாள் ஊரடங்கு போட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. தாம்பரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் ஒரு மணி நேர வழிதான். அந்த வழி நாலு மாதம் அடைத்துக் கிடந்தது. அப்புறம் இவளுக்கு வேலை போயிற்று, வீடு மாறிற்று. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப் போயிற்று. பொன்னி போய்க் கை நீட்டியபோது குழந்தை பேபியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பேபியைத்தான் அம்மா என்றது. பெற்றவளைச் சித்தி என்றது. இரண்டு தடவை இங்கே கூட்டிவந்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் விக்கி விக்கி அழுது, சோறு இறங்காமல், கடைசியில் ரவி வண்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டான்.

இதைப் பொன்னி என்னிடம் சொன்னது, தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

இப்போது மீனுக்கு வருகிறேன். டிஸ்கஸ் குஞ்சுகள் பிறந்ததும் வேறு எதையும் தின்னாது. தாய் தகப்பன் இருவர் உடம்பிலும் கொழகொழவென்று ஒன்று ஊறும். அதைத்தான் கொத்தித் தின்னும். பால் குடிப்பது மாதிரிதான். குஞ்சு வந்ததும் பெரிய மீன்கள் நிறம் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பைப் பார்த்துக் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ரகத்துக்கு அந்தக் கறுப்பு வராது. உடம்பில் ஊறுவதெல்லாம் ஊறும்; ஆனால் குஞ்சுகளுக்குத் தாய் கண்ணில் படாது. தொட்டியில் வேறு எது கறுப்பாக இருக்கிறதோ, ஸ்பாஞ்சோ குழாயோ, அதைப் போய் அம்மா என்று மொய்க்கும். அதில் என்ன இருக்கிறது? இரண்டு நாளில் பட்டினியால் செத்து அடியில் படிந்துவிடும்.

பொன்னிக்கு நாலு தடவை அப்படித்தான் ஆயிற்று. மாடம்பாக்கத்தில் பெரிய பண்ணை வைத்திருக்கும் ஷ்யாம்சுந்தர் என்பவர் வந்து பார்த்தார். "முட்டையை என்கிட்ட குடுத்துடும்மா. என்கிட்ட கறுப்பு ஜோடி இருக்கு, அது வளர்த்துடும். வொய்ட் ஃபிஷ் சொந்தமா வளர்க்காது, எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க" என்றார். நியாயமாகத்தான் சொன்னார். பொன்னி அவர் முகத்தைப் பார்க்காமல், "இல்ல சார். அது பெத்துச்சு, அதுவே வளக்கட்டும்" என்றாள். அவர் போன பிறகு தண்ணீர் மாற்ற வேண்டாத தொட்டிக்கெல்லாம் தண்ணீர் மாற்றினாள்.

ஐந்தாவது தடவைக்கு அவள் செய்த ஏற்பாட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். தொட்டியின் அடியிலும் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் வெள்ளைத் தெர்மாகோல். முட்டை வைக்க வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். ஸ்பாஞ்சுகூட வெள்ளை. முன்பக்கம் மட்டும் நாங்கள் பார்ப்பதற்காகத் திறந்திருந்தது. உள்ளே போகும்போது கறுப்பு உடுத்தக் கூடாது என்று உத்தரவு. அருள்மேரி நரைக்குச் சாயம் பூசியிருந்தாள் என்பதால் அவளுக்கு அனுமதியே இல்லை.

தாய் மீனுக்கு முன்பு வேறொரு துணை இருந்தது. பழுப்பும் கறுப்புமாக ஒரு ஆண். அதோடு சேர்ந்து பிறந்ததெல்லாம் திட்டுத் திட்டாக வந்ததால் பொன்னி அதைப் பிரித்துப் பக்கத்துத் தொட்டியில் தனியாகப் போட்டுவிட்டு, வெள்ளை ஆணைச் சேர்த்திருந்தாள். நான் அதைப் பழைய மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அது நாள் முழுக்க இந்தத் தொட்டியைப் பார்த்தபடி கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகளின் கண்ணில் அது படக்கூடாது என்று நடுவில் ஒரு வெள்ளை வேட்டி கட்டப்பட்டது. வேட்டி என்னுடையது.

முட்டை பொரிந்தது. மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் குஞ்சுகள் குழாயை விட்டு நீந்த ஆரம்பித்தன. இருநூறு இருக்கும், தூசி மாதிரி. தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன, ஒட்டவில்லை, விலகவும் இல்லை. பத்து மணிக்கு ஏழெட்டு தாயின் முதுகில் ஒட்டின. பொன்னி என் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்ததும் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு அவள் கோவளம் போயே ஆகவேண்டும். ஜூன் மாதம் பிள்ளையை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாக ஏற்பாடு. மூன்று வாரம் முன்னாலேயே பழக்கிவிடலாம் என்று அழைத்துவரக் கிளம்பியிருந்தாள். மூன்று தடவை படியிறங்கி மூன்று தடவை திரும்ப ஏறிவந்தாள்.

"சார், ஒண்ணியும் பண்ணாதீங்க. சொம்மா பாத்துகினே இருங்க. சாயந்தரம் வந்துருவேன்" என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது என் சுபாவத்திலேயே இல்லை. அதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியின் முன்பக்கம் விழுந்தது. தண்ணீருக்குள் விட்டிருந்த வெப்பமானி ஏறிக்கொண்டே போயிற்று. ஜன்னலுக்குத் திரை கிடையாது. நான் கீழே ஓடினேன். பீரோவைத் திறந்ததும் கைக்கு வந்தது என் கோட்டு. ரயில்வே கோட்டு. கனமான துணி, வெயிலைத் தடுக்க அதைவிட நல்லது எது? கொண்டுவந்து தொட்டியின் முன்னால் தொங்கவிட்டேன். கறுப்பு உடுத்தக் கூடாது என்பதுதான் என் ஞாபகத்தில் இருந்தது, நான் உடுத்தவில்லையே. பதினைந்து நிமிஷத்தில் சூடு இறங்கியது. பக்கவாட்டில் சந்து வழியாகக் குனிந்து பார்த்தேன். குஞ்சுகள் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், என் கோட்டுப் பக்கம் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

முப்பத்து நாலு வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்து ஜனங்கள் அடுத்த பெட்டிக்கு ஓடியிருக்கிறார்கள். முதல் தடவையாக யாரோ அதைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. அருள்மேரியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆறு மணிக்குப் பொன்னி வந்தாள். தனியாக வந்தாள். கையில் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போன புதுச் செருப்பு, அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது. உள்ளே வந்து கோட்டைப் பார்த்தாள்.

"இன்னா சார் பண்ணி வெச்சிகீறீங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோட்டை எடுத்தாள். குஞ்சுகள் அதோடு கூடவே போவது மாதிரி கண்ணாடியில் முட்டின. தாய் மீன் அந்தப் பக்கம் வந்து வந்து நின்றது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"வெயில்மா... சூடு ஏறிடுச்சு..."

"தெரியும் சார். நல்லதுக்குதான் பண்ணீங்க. அல்லாரும் நல்லதுக்குதான் பண்றாங்க."

அப்புறம்தான் சொன்னாள். ஜெயஸ்ரீ இந்தத் தடவை அழக்கூட இல்லையாம். மீன் பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "சித்தி, நீ போய்டு" என்றதாம். பேபி அடிக்கக் கை ஓங்கினாளாம். பொன்னி தடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று இரவு எனக்கும் தூக்கம் இல்லை. என் தலைக்கு மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் போகும்போது அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பாதிக்கு மேல் செத்தவை. முன்பக்கத்தையும் வேட்டியால் மூடியிருந்தாள். அதுவும் என்னுடையதுதான், கேட்காமலே எடுத்திருந்தாள், நான் வாய் திறக்கவில்லை. மிச்சமிருந்த குஞ்சுகள் ஒரு மூலையில் கிடந்து தவித்தன. தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு வெள்ளை ஆண் மிரண்டு தாயை முட்டியது.

"ஷ்யாம்சுந்தருக்குப் போன் போடவாம்மா?" என்று கேட்டேன்.

அவள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். திடீரென்று நின்றாள். வலையை எடுத்து வெள்ளை ஆணைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டாள். நடுவில் கட்டியிருந்த வேட்டியை உருவினாள். பழைய மாப்பிள்ளை அதே இடத்தில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

"ஏய், அது குஞ்சையெல்லாம் தின்னுடும்மா!"

"துன்னா துன்னட்டும் சார். இங்க மட்டும் இன்னா உசுரோடவா இருக்கப் போவுது?"

பழைய மாப்பிள்ளையை உள்ளே விட்டாள். முதலில் அது அடியில் போய்ப் படுத்தது. பெண் மீன் பக்கத்தில் வந்து தலையை ஆட்டியது. இதுவும் ஆட்டியது. இருவருக்கும் பழைய பழக்கம் விட்டுப்போகவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு இன்னும் கறுத்தது. மூலையில் கிடந்த குஞ்சுகளில் ஒன்று போயிற்று; அப்புறம் நாலு; அப்புறம் கூட்டமாக எல்லாமே போய் அதன் மேல் ஒட்டிக்கொண்டன. அது ஒன்றையும் தின்னவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றது.

பொன்னி சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. நாலு தடவை தோற்று, ஐந்தாவது தடவையும் கடைசியில் கறுப்புக்கே விட்டுக்கொடுத்தாயிற்று. எனக்கு அது புரிந்தது.

அரைமணி போயிருக்கும். பழைய மாப்பிள்ளை மெதுவாக நகர்ந்து தாயின் பக்கத்தில், உரசுகிற அளவுக்குப் போய் நின்றது. நின்று, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுச் சட்டென்று விலகிப் போயிற்று. குஞ்சுகள் எல்லாம் பிடி விட்டுத் தண்ணீரில் சிதறின. ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் திகைத்தன. பக்கத்திலேயே தாய் இருந்தது. ஒன்று கொத்திப் பார்த்தது. பிறகு எல்லாம் அந்த வெள்ளை உடம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தன.

பொன்னி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தரை; பார்க்காமல் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வேட்டிகளை மடிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"நான் அல்லாத்தையும் எடுத்துட்டா என்கிட்ட வந்துரும்னு நெனச்சிகினு இருந்தேன் சார்" என்றாள். மீனைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டால் நான் டிக்கெட் பரிசோதித்த வருஷமெல்லாம் வீண்.

அங்கேயே உட்கார்ந்தபடி அக்காவுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும், யாரோ சங்கரா மீன் விலை கேட்பதும் எனக்கே கேட்டது.

"அக்கா, பாப்பாவ இட்டுனு வா. இல்ல, வுட்டுட்டுப் போறதுக்கு இல்ல. நீயும் வா. வந்து இங்கியே கூட இரு. இங்க மீன் விக்க எடமா இல்ல? வூட்டுக்காரரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுவீங்களா சார்?"

"கட்லெட் போடற அளவுக்கு மீன் குடுத்தா சொல்லமாட்டேன்" என்றேன்.

பேபி ஒரே வாரத்தில் வந்துவிடவில்லை. கூடை, பலகை, வாடிக்கை, ஐஸ்காரன் பாக்கி என்று இழுத்தாள். தன்னை வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளையை மட்டும் பிடுங்கத்தான் இவ்வளவு நாளும் தங்கை வந்து போனாள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. ஜூன் முதல் வாரம்தான் வந்தாள். ஆறடி உயரம், பெரிய குரல், இடுப்பில் சுருக்குப்பை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஜெயஸ்ரீ. எங்கள் தெருமுனையில் இப்போது காலையில் பேபி பலகை போடுகிறாள். அருள்மேரி நாற்றம் என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் வாங்குகிறாள்.

பிள்ளை முதல் நாலு நாள் பேபியை விட்டு நகரவில்லை. பொன்னி கிட்டே போகவில்லை, கூப்பிடவும் இல்லை. மீன் அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பிழைத்த குஞ்சுகள் எழுபத்து மூன்று, கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தன.

ஐந்தாம் நாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம். நான் படியில் நின்று மோட்டார் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். மாடியில் பேபி பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்தவள், என்ன நினைத்தாளோ, சீப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "எனுக்கு ஐஸ் வண்டி வந்துரும்" என்று சொல்லிக்கொண்டு விறுவிறுவென்று என்னைத் தாண்டி இறங்கிப் போனாள். ஐஸ் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் கண்ணை முந்தானையால் துடைத்ததை நான் பார்த்தேன்.

ஜெயஸ்ரீ பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தது. வாசலைப் பார்த்தது. அழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அது சீப்பை எடுத்துக்கொண்டு மீன் அறை வாசலுக்குப் போய் நின்றது.

"சித்தி, இந்தப் பக்கம் பின்னி வுடு. லேட்டாவுது."

பொன்னி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அன்று ஜெயஸ்ரீ பள்ளிக்கூடத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகத்தான் போனது.